பலகையில் ஏறாத பெயர் செங்கமலம்

“நான் ஜெயிச்சா, யாரு ஜெயிச்சதா எழுதுவீங்க டீச்சரம்மா?”

செங்கமலம் என்னிடம் இதைக் கேட்டபோது அவருக்கு இருபது வயது இருக்கும். கையில் அடுத்தவருடைய மட்டை. இடுப்பில் இழுத்துச் செருகிய சேலை. காலில் செருப்பில்லை. நேரமாகிவிட்டது, போய் ஆடு என்று மட்டும் சொன்னேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தபோது கைப்பேசி அடித்தது. நீடாமங்கலத்திலிருந்து மஞ்சுளா பேசினாள். நம் கல்லூரி டென்னிஸ் அணியின் பழைய கேப்டன், இப்போது அங்கே ஒரு பள்ளியில் தலைமையாசிரியை.

“மிஸ், கமலம் அக்கா போயிட்டாங்க.”

“எந்தக் கமலம்?” என்று கேட்டேன். எனக்கு ஒரே ஒரு கமலத்தைத்தான் தெரியும். இருந்தாலும் அப்படித்தான் கேட்டேன்.

“நம்ம கோர்ட்டு கமலம் அக்கா மிஸ். காலைல வாசல் தெளிச்சிட்டு உள்ள வந்து உக்காந்தாங்களாம். அவ்வளவுதான்.”

எனக்குப் பின்னால் நின்றவர், “வரிசையில இருக்கீங்களா, இல்லையாம்மா?” என்று இரண்டு முறை கேட்டார். நான் விலகி நின்றேன்.

அந்த ஆடுகளத்தில் ஆடிய பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் இப்போது வங்கியிலும் பள்ளியிலும் வெளிநாட்டிலும் இருக்கிறீர்கள். ஒவ்வொரு கேப்டனையும் ஆட்டிவைத்த அக்காவாக அவரை உங்களுக்குத் தெரியும். ஆனால் அவர் ஏன் உங்களோடு ஒரு போட்டிக்கும் வரவில்லை என்பது உங்களில் யாருக்கும் தெரியாது. செங்கமலம் ஆசைப்பட்டது ஒன்றுக்குத்தான். கணக்கில் சேர்கிற ஓர் ஆட்டம், தன் பெயரில். அது நடக்காமல் போனதில் என் பங்கு பெரியது. அவர் இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் ஆசிரியர்களான நாங்கள் எல்லோரும் அவரை ‘வா, போ’ என்றுதான் பேசினோம். அவர் எங்களை ‘வாங்க, போங்க’ என்றார். இந்தக் கட்டுரையில்தான் முதன்முறையாக அவரை ‘அவர்’ என்று எழுதுகிறேன்.

அவர் வேலைக்கு வந்தபோது நம் ஆடுகளம் எப்படி இருந்தது என்று பிற்காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. விடுதிக்குப் பின்புறம், வாய்க்காலை ஒட்டி ஒரு களிமண் தரை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வயல், அதற்கப்பால் சாலை. சாலையில் போகிறவர்கள் பெண்கள் ஓடி ஆடுவதைப் பார்த்துவிடக் கூடாது என்று நான்கு பக்கமும் தென்னங்கீற்றுத் தட்டி கட்டியிருந்தார்கள். ஒரே வாசல். நாலரைக்குத் திறப்பார்கள், ஆறு மணிக்குப் பூட்டுவார்கள். கீற்று காய்ந்து ஓட்டை விழுந்தால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. மாற்றிக் கட்டிய பிறகுதான்.

நான் கணிதத் துறை. டென்னிஸ் மட்டையை அதற்கு முன் தொட்டதுகூட இல்லை. உடற்கல்வி இயக்குநர் பதவி காலியாக இருந்தது. ‘யார் யாரோடு ஆடுவது என்று அட்டவணை போட வேண்டும், அதற்குக் கணக்கு தெரிந்தால் போதும்’ என்று முதல்வர் என்னைப் பொறுப்பாளராகப் போட்டுவிட்டார்.

செங்கமலம் ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் விவசாயக் கூலிக் குடும்பத்துப் பெண். ப்ளஸ் டூ முடித்த வருடம் அப்பா இறந்துவிட்டார். வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும். இரண்டு மூன்று வருடம் நடவுக்குப் போனவருக்கு, யாரோ சொல்லி, ஆடுகளத்தைப் பராமரிக்கும் தற்காலிக வேலை கிடைத்தது. தண்ணீர் தெளிப்பது, உருளை இழுப்பது, சுண்ணாம்புக் கோடு போடுவது, பந்து பொறுக்குவது.

அதற்கு முன் இருந்தவர் செடிக்கு ஊற்றுவது போலத் தண்ணீர் ஊற்றுவார். தரை ஒரு நாள் சேறு, ஒரு நாள் புழுதி. செங்கமலம் வந்த முதல் வாரம் எதுவும் செய்யவில்லை. தரையில் அங்கங்கே குதிகாலை ஊன்றி ஊன்றிப் பார்த்தபடி நடந்தார். என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன்.

“பதம் பாக்குறேன் டீச்சரம்மா. நாத்தங்காலும் இதுவும் ஒரே மண்ணுதான். அதுல கால் பதியணும், இதுல பதியக் கூடாது. அவ்வளவுதான் வித்தியாசம்.”

ஒரு மாதத்தில் பந்து ஒரே சீராக எழும்பத் தொடங்கியது. வகுப்பில் நான் விகிதம் நடத்தும்போது அந்தத் தரையைத்தான் உதாரணம் சொல்வேன். களிமண் எவ்வளவு, மணல் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு. பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

அவர் ஆடக் கற்றதை நான் பார்க்கவில்லை, கேட்டேன். விடுதிக் குளியலறைச் சுவரில் தினமும் மாலை ஆறு மணிக்கு மேல் ‘டொக் டொக்’ என்று சத்தம் வருவதாகக் காப்பாளர் புகார் சொன்னார். போய்ப் பார்த்தால், பழைய மாணவி ஒருத்தி தூக்கிப்போட்ட மட்டையில் அறுந்த நரம்பைத் தூண்டில் கயிற்றால் பின்னிக்கொண்டு இவர் சுவரோடு ஆடிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் பிள்ளைகளே அவரை உள்ளே அழைத்துவிட்டார்கள். எதிரில் நிற்க ஓர் ஆள் குறைந்தால் “கமலம் அக்கா, வாங்க” என்பார்கள். குறையாத நாளிலும் அழைக்க ஆரம்பித்தார்கள். பந்து கோட்டுக்கு ஓர் அங்குலம் உள்ளே விழும். எப்படி என்று கேட்டால், “கோடு நான் போட்டது பாப்பா. கண்ண மூடிக்கிட்டே தெரியும் எங்க இருக்குன்னு” என்பார். தாழ்வாக வரும் பந்துக்கு நம் பிள்ளைகள் நின்றபடியே மட்டையை நீட்டுவார்கள். அவர் முழங்கால் மடங்கி அப்படியே இறங்குவார். “நடவு நட்டவளுக்குக் குனியச் சொல்லிக் குடுக்கணுமா?”

அவர் வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி அணி நட்பு ஆட்டத்துக்கு வந்தது. நான்கு பேர் ஆட வேண்டும். காலையில் நம் பிள்ளை ராஜேஸ்வரிக்கு நல்ல காய்ச்சல். ஆள் குறைந்தால் ஆட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். வந்தவர்களுக்கு விருந்து ஏற்பாடாகியிருந்தது, முதல்வர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் செங்கமலத்திடம் ராஜேஸ்வரியின் மட்டையைக் கொடுத்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் தாளில் எழுதியது: ‘ராஜேஸ்வரி, இரண்டாம் ஆண்டு, கணிதம்.’

எதிரில் இருந்த பெண் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு அழகாக ஆடினாள். ஆனால் அவளுக்குக் கிடைத்தது மூன்றே மூன்று கேம், இரண்டு செட்டிலும் சேர்த்து. தட்டியை ஒட்டி உள்ளே நின்ற நம் பிள்ளைகள், “ராஜி, ராஜி” என்று கத்தியபடி சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார்கள். உண்மையான ராஜி விடுதியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். வந்த அணியின் பயிற்சியாளர் என்னிடம், “அந்தப் பொண்ணு எந்த வருஷம்ங்க?” என்றார். செகண்ட் இயர் என்றேன். “நல்லா கவனிங்க. செருப்பு இல்லாமலே இந்த ஆட்டம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. திருச்சியில் பயிற்சி முகாம், அதிலிருந்து பல்கலைக்கழக அணித் தேர்வு. ராஜேஸ்வரியை அனுப்பவும்.

ராஜி அழுதுகொண்டு ஓடிவந்தாள். “மிஸ், எனக்கு சர்வீஸே வலையைத் தாண்டாது. போனா மானம் போயிடும் மிஸ்.”

உருளையை இழுத்துக்கொண்டிருந்த செங்கமலம் நின்றார். “போயிட்டு வா ராஜி. பஸ்ஸ விட்டு எறங்கும்போது காலச் சுளுக்கிக்க.”

எல்லோரும் சிரித்தோம். பிள்ளைகள் கலைந்து போன பிறகு அவர் என்னிடம் வந்து, அந்தக் கடிதத்தை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். கடைசி வரி வரை படித்தார். மடிப்பு மாறாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“இது எனக்கு வந்தது, இல்லீங்களா?” என்றார்.

அந்த ஜூன் மாதம் அவரே அலுவலகத்துக்குப் போய் பி.ஏ. விண்ணப்பப் படிவம் வாங்கி, அவரே நிரப்பி, என் துறைக்கு வந்தார். மாணவியாகிவிட்டால் தன் பெயரிலேயே ஆடலாம். கணக்கு சரிதான். நான் முதல்வரிடம் பேசினேன். மாணவியும் ஊழியருமாக ஒருவரே இருக்க முடியாது, வேலையை விட்டுவிட்டு வரட்டும் என்றார். செங்கமலத்தின் வேலை அடுத்த ஆறு மாதத்தில் நிரந்தரமாகிவிடும் என்று பேச்சு இருந்த நேரம் அது.

“விட்டுடுறேன் டீச்சரம்மா” என்றார் உடனே. “அம்மா நடவுக்குப் போவுது. பெரிய தங்கச்சியும் போவும். மூணு வருஷத்த ஓட்டிடுவோம்.”

நான் அவரை உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. வேலை நிரந்தரமான பிறகு படிப்புக்கு விடுப்பு எழுதி வாங்கலாம், அப்போது வேலையும் இருக்கும், படிப்பும் இருக்கும் என்று ஒரு கரும்பலகை முழுக்க எழுதுவது போல விளக்கினேன்.

“அவசரப்படாத கமலம். ஒரு வருஷம்தானே? அடுத்த ஜூன்ல நானே முன்னாடி நின்னு சேத்துவிடுறேன்.”

“ஒரு வருஷத்துல ஒண்ணும் ஆயிடாதுங்களே?”

“என்ன ஆயிடப் போவுது? நான் இருக்கேன்ல.”

“நீங்க சொன்னா சரிங்க.”

அந்தப் படிவம் என் மேசை இழுப்பறைக்குள் போனது.

நான் திருப்பனந்தாள் பக்கம் நிலபுலன் இருந்த குடும்பம். எங்கள் வீட்டில் எதையும் ஒத்திப்போடலாம். கல்யாணத்தை, வழக்கை, வீடு கட்டுவதை. நிலம் எங்கும் போய்விடாது. ஒத்திப்போடுவதற்கு நாங்கள் நிதானம் என்று பெயர் வைத்திருந்தோம். செங்கமலத்தின் வீட்டில் நடவுக்கு ஆள் கூப்பிடுகிற காலையில் போகாவிட்டால் அந்த வேலை அடுத்தவருக்குப் போய்விடும். நாற்றுக்கு வயது முற்றிவிட்டால் பிறகு எவ்வளவு நல்ல வயலில் நட்டாலும் தூர் கட்டாது. இதெல்லாம் அவருக்குக் கையால் தெரியும். எனக்குக் காதால் மட்டும் தெரியும். இருந்தும் அன்று அவர் எனக்கு விளக்கவில்லை. நான் அவருக்கு விளக்கினேன்.

வேலை சொன்னபடி நிரந்தரமானது. அடுத்த ஜூனில் படிவத்தை எடுத்துக்கொண்டு, சான்றிதழ்களோடு அவரையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். கண்காணிப்பாளர் பள்ளிச் சான்றிதழைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

“மேடம், ரெகுலர்ல சேர வயசு வரம்பு இருக்கே. இந்தப் பொண்ணு தாண்டிடுச்சு. போன வருஷம்னா இருபது நாள் மிச்சம் இருந்திருக்கும்.”

படிவத்தின் பின்பக்கத்தில், நான்காவது விதியாக, அது அச்சாகியிருந்தது. ஒரு வருடமாக என் இழுப்பறையில் கிடந்த தாள். கணித ஆசிரியையான நான் அதைத் திருப்பிப் பார்த்து ஒரு கழித்தல் போட்டிருக்கவில்லை.

இதில் இன்னொரு கொடுமையும் இருந்தது. அந்தப் பிறந்த தேதி உண்மையில்லை. அந்தக் காலத்தில் கிராமத்துப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. செங்கமலத்துக்குக் கை நீளம். நான்கு வயதிலேயே தொட்டுவிட்டார். வாத்தியார் ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டு, ஒரு வயதைக் கூட்டி எழுதிக்கொண்டார். வலைக்கு அருகில் அவர் நின்றால் தாண்டி அடிக்க முடியாமல் நம் பிள்ளைகள் திணறினார்களே, அந்தக் கைதான்.

அலுவலகப் படியில் இறங்கினோம். வேப்பமரத்தடிக்கு வந்ததும் சொன்னார்: “கொஞ்சம் கம்மியா நீட்டியிருக்கணும் டீச்சரம்மா.”

தேதியைத் திருத்த முடியுமா என்று ஊர் ஊராக அலைந்தேன். பிறப்பைப் பதிவே செய்யவில்லை, எந்தக் கணக்கிலும் அவர் பெயர் இல்லை. அஞ்சல் வழியில் படிக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என்னைக் கோபமாகப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

“பட்டம் வேணும்னு கேட்டனா? ஆடணும்னுதானே கேட்டேன்.”

மறுநாள் காலை வழக்கம் போலத் தண்ணீர் தெளித்திருந்தது. கோடுகள் போட்டிருந்தன.

உங்கள் எல்லோருக்கும் தெரிந்த ‘கமலம் செட்’ அதற்கு அடுத்த மாதம் தொடங்கியது. ஆடுகள வாசலில் இருந்த கொக்கிப் பலகை நினைவிருக்கும். ஒவ்வொருத்தி பெயரும் ஒரு தகட்டில். மேலே தொங்குபவளைக் கீழே இருப்பவள் வென்றால் தகடுகள் இடம் மாறும். வருட அணிப் பட்டியலை அனுப்பும் நாளில் உச்சியில் யார் தொங்குகிறாளோ அவள் கேப்டன். இது அவர் வருவதற்கு முன்பே இருந்த வழக்கம். ஜூலையில் ஒரு நாள் அவர் என்னிடம், “மேல தொங்குறவ என்னோட ஒரு செட் ஆடணும். ஆடினப்புறம் லிஸ்ட் அனுப்புங்க” என்றார். நான் அந்த நிமிடமே சரி என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அவரிடம் சொல்லும் உரிமை எனக்கு அப்போது இல்லை.

அதன்பின் முப்பது வருடத்துக்கு மேல் நம் அணியின் வரலாறு அந்த ஒரு செட்டைச் சுற்றித்தான். பல்கலைக்கழகக் கோப்பையை வாங்கி வந்தவளைக்கூட நீங்கள் கேட்டது, “அக்காகிட்ட எத்தனை கேம் எடுத்த?” என்றுதான். மஞ்சுளா இன்றைக்கும் ‘மூணு கேம் மஞ்சுளா’. ஷீலா ‘ஒரு கேம் ஷீலா’. ஒன்றும் எடுக்காத பாரதியை அவள் கல்யாணப் பந்தியில்கூட ‘முட்டை பாரதி’ என்று கூப்பிட்டு, மாப்பிள்ளை காரணம் கேட்டு, பெரிய கலாட்டா ஆனது. ஆட்டத்தின் நடுவே அவர் வாய் சும்மா இருக்காது. “என்னா பாப்பா, பந்து உன்னப் பாத்து ஒதுங்குதா, நீ பந்தப் பாத்து ஒதுங்குறியா?” “ஓடு, ஓடு. மெஸ்ல மணி அடிச்சா மட்டும் ஓடுற.” யாருக்கும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. ஒருத்தி அழுதபோதுகூட, “அழுது முடி, நான் நிக்கிறேன்” என்று மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

ஃபாத்திமா ஒருத்திதான் அவரை வென்றாள். ஏழு-ஐந்து. பிள்ளைகள் அவளைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். செங்கமலம் வலை அருகே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்: “எழுதிக்குங்க டீச்சரம்மா. இது எழுதலாம். ஜெயிச்சவ ஸ்டூடன்ட்டு.”

பிள்ளைகள் அதையும் அவருடைய கேலி என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் நோட்டை மூடிவிட்டேன்.

அணி வெளியூர் போகும்போதெல்லாம் வாசல் வரை வந்து நிற்பார். திரும்பி வந்தால் ஜெயித்தீர்களா என்று கேட்க மாட்டார். “மூணாவது செட்ல அவ எங்க நின்னு சர்வீஸ் போட்டா? காத்து எந்தப் பக்கம்? மண்ணு எப்படி?” என்று நடந்த ஆட்டத்தைத் துண்டு துண்டாகக் கேட்டு வாங்கிக்கொள்வார். ஒரு முறை உதவியாளராக அவரையும் கூட்டிப்போக அனுமதி கேட்டேன். அந்த மூன்று நாளும் தரைக்கு யார் தண்ணீர் விடுவது என்று கேட்டுத் தாளைத் திருப்பியனுப்பிவிட்டார்கள். அவரிடம் சொன்னபோது, “நெசந்தான் டீச்சரம்மா. ஒரு நாள் தண்ணி இல்லேன்னா வெடிச்சுடும். நான்தான் அத அப்படிப் பழக்கிட்டேன்” என்றார்.

கீற்றுத் தட்டி போய்க் கம்பி வலை வந்தது. கம்பி வலை போய் ஆளுயரத்துக்கு மேல் சுவர் வந்தது. வயலும் வாய்க்காலும் கண்ணுக்கு மறைந்துவிட்டன. மூன்றுக்கும் உள்ளே அவர் இருந்தார். எத்தனையோ பிள்ளைகள் மூன்று வருடம் ஆடிவிட்டு அந்த வாசல் வழியே போனார்கள். அவர் அதே வாசலைப் பூட்டிவிட்டு, மறுநாள் அதே வாசலைத் திறந்தார். விடுமுறை நாளில்கூடத் தண்ணீர் தெளிக்க வருவார். அப்போது எதிரில் யாரும் இருக்க மாட்டார்கள். சுவரோடு ஆடுவார்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, மூத்த பெண்களுக்கான ஒரு போட்டி திருச்சியில் நடப்பதாகக் கேள்விப்பட்டேன். மாணவியாக இருக்கத் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். எனக்கு இருந்த பரபரப்பில் அன்றே பஸ் ஏறி, ஒரத்தநாட்டில் இறங்கி, அவர் வீட்டைத் தேடிப்பிடித்தேன். அவருக்குக் கல்யாணமாகி ஒரு மகள் இருந்தாள். கணவர் டிராக்டர் ஓட்டப் போயிருந்தார். செங்கமலம் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். தைலப் புட்டியை மூடினார்.

“இப்ப என்னைக் கூட்டிட்டுப் போறது எனக்காகவா, உங்களுக்காகவா?”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“மொழங்கால் மடங்க மாட்டேங்குது டீச்சரம்மா. நின்ன எடத்துல நின்னு ஆடுறத ஊருக்குக் காட்டவா? மோர் குடிக்கிறீங்களா?”

மோர் குடித்தேன். திருச்சிப் போட்டியைப் பற்றி அவரும் நானும் பிறகு பேசவே இல்லை.

அவர் கடைசியாக என் வீட்டுக்கு வந்தது ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு. மகள் கயல்விழி ப்ளஸ் டூவில் நல்ல மதிப்பெண். ஒரத்தநாட்டிலேயே கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று ஆசை. அதற்கான தாள்களில் ஒன்றில், குடும்பத்தை நன்கு அறிந்த ஆசிரியர் ஒருவரின் கையெழுத்து தேவைப்பட்டது. வெயிலில் வந்தவர் உட்காரக்கூட இல்லை. தாளை மேசையில் விரித்தார். பேனாவும் அவரே கொண்டுவந்திருந்தார்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். “அஞ்சு வருஷப் படிப்பு கமலம். இன்னொரு காலேஜுக்கும் போட்டு வைக்கலாம். கொஞ்சம் யோசிச்சு…”

“கையெழுத்து மட்டும் போடுங்க டீச்சரம்மா. யோசனை வேணாம்.”

அவர் குரல் உயரவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் நின்று பந்துக்காகக் காத்திருப்பாரே, அப்படி நின்றார். நான் கையெழுத்துப் போட்டேன். தாளை எடுத்து ஊதிக் காயவைத்தார். பிறகு சிரித்தார்.

“நாலு நிமிஷங்கூட ஆவல பாருங்க.”

முப்பது வருடத்தில் அந்தப் படிவத்தைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது இது ஒன்றுதான். திட்டியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன், அவரும் போகட்டும் என்றிருப்பார், இருவரும் அதிலிருந்து வெளியே வந்திருப்போம். அவர் திட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

காரியத்தன்று போனேன். உங்களில் பதினோரு பேர் வந்திருந்தீர்கள். பந்தலில் உட்கார்ந்திருந்தீர்கள். கயல்விழி பக்கத்துக் கிராமத்தில் கால்நடை மருத்துவராக இருக்கிறாள். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் பந்தலுக்கு வெளியே தயங்கி நின்றார். அவர் மாடு கன்று போட முடியாமல் திணறுகிறதாம். துக்க வீட்டில் எப்படிக் கேட்பது என்று அவருக்குக் கூச்சம். இரண்டு பெரியவர்கள் சடங்கு முடியட்டும் என்றார்கள். கயல்விழி எழுந்துவிட்டாள்.

“மாடு காத்திருக்காது பெரியப்பா. வந்து செய்றேன்.”

போகிற போக்கில் என்னிடம் குனிந்து சொன்னாள். “அம்மா உங்களப் பத்தி எப்பவும் சொல்லும், டீச்சர். ‘நல்லவங்க. நேரம் பாக்கத்தான் தெரியாது’ன்னு.” அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒருவருடைய உயரத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

செங்கமலத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது மட்டையோ படமோ அல்ல. இப்போதும் எங்கள் தெருவில் யாராவது பிள்ளை விண்ணப்பத்தோடு வந்தால், என்ன படிக்கப் போகிறாய் என்று நான் கேட்பதில்லை. தாளை வாங்கி முதலில் பின்பக்கம் திருப்புகிறேன். அந்தப் பழக்கம் அவர் கொடுத்தது. அதற்கு அவர் கொடுத்த விலையை நான் எந்தக் கணக்காலும் ஈடுகட்ட முடியாது. என் நிதானம் அவரை அந்த நான்கு தட்டிகளுக்குள் வைத்துப் பூட்டியது என்பதோடுதான் மிச்ச நாளையும் நான் இருந்தாக வேண்டும்.

நீங்கள் இப்போது கையெழுத்துப் போடும் இடங்களில் இருக்கிறீர்கள். அதனால் ஒன்றைச் செய்து பாருங்கள். இந்த வாரம் உங்களிடம் யாராவது ஒரு தாளை நீட்டினால், பொறு என்று சொல்வதற்கு முன், அதில் கடைசித் தேதியும் வயது வரம்பும் எழுதியிருக்கும் வரியைக் கண்டுபிடித்து, அவர்கள் காதில் விழும்படி வாய்விட்டுப் படியுங்கள்.